இதர

ஜவ்வரிசியில் அரிசி இல்லை.
கிழங்கு, தண்ணீர், வெயில்,
அவ்வளவுதான்.
இருபத்திரண்டு வருஷமாக ஆத்தூர் ரோட்டு ஆலையில்
மாதிரிப் பொட்டலங்களுக்குச் சீட்டு ஒட்டுகிறேன்.
ஈரம் எவ்வளவு, வெண்மை எவ்வளவு, என்ன தேதி.
என்னை ஏன் அரிசி என்கிறாய் என்று
ஒரு பொட்டலமும் சண்டைக்கு வந்ததில்லை.

எனக்கு அந்தப் பொறுமை கிடையாது.

ஆடி பிறந்தால் ரசீதுப் புத்தகத்தோடு வருவார்கள்
குகை வண்டி வேடிக்கைக்கு.
வண்டி வேடிக்கை எனக்குப் பிடிக்கும்.
போன வருஷம் பரமசிவனாக நின்ற டெம்போ டிரைவர்
ரப்பர் பாம்புக்குப் பின்னால் பீடியை மறைத்தபடி
என்னைப் பார்த்துச் சிரித்தார்.
இருநூறு ரூபாய் கொடுக்கிறேன்.
'உபயம்: மாரியாயி' என்று எழுதித் தருகிறார்கள்.
"இந்தக்கா சாமி கும்புடாது, ஆனா காசு குடுக்கும்"
என்று பக்கத்து வீட்டு வாசலில் சொல்கிறான்
உண்டியல் தூக்கிய பொடியன்.
இதுவரை எனக்குக் கிடைத்த பட்டங்களில்
ஓரளவு அளவெடுத்துத் தைத்தது அதுதான்.

மற்றதெல்லாம் அக்குளில் பிடிக்கிறது.

நாத்திகவாதி என்றார் சூப்பர்வைசர்.
நான் யாரோடு வாதாடினேன்?
சம்பள உயர்வுக்கே வாதாடியதில்லை.
இறைமறுப்பாளர் என்றாள் பி.எட். படித்த நாத்தனார் மகள்.
மறுப்பதென்றால்
பந்தியில் யாராவது கரண்டியோடு வந்து நிற்கவேண்டும்,
நான் இலைக்கு மேல் கையை விரிக்கவேண்டும்.
எனக்குப் பசியே எடுக்கவில்லை என்பதை
எந்தக் கையால் காட்டுவது?
பகுத்தறிவாளர் என்றால் வீட்டுக்காரர் சிரிப்பார்.
ஈமு கோழியில் ஐம்பதாயிரம் விட்டவள் நான்.
கருப்புச் சேலை ஒன்று இருக்கிறது.
உடுத்திக்கொண்டு ஆலைக்குள் போனால்
அரைமணி நேரத்தில் மாவு படிந்து
வெள்ளையாகித் திரும்புகிறேன்.

மாரியாயி என்பது மட்டும் உறுத்தவில்லை.
கூப்பிட்டால் திரும்புகிறேன்.
அதற்குமேல் அந்தப் பெயரும் என்னிடம் எதையும் கேட்டதில்லை.

பங்குனியில் ஒரு ராத்திரி
வையாபுரி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.
பெரியாஸ்பத்திரி. இரண்டு மணி.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் தட்டச்சடித்தாள்.
பேர். வயசு. தெரு.
"மதம்?"
அப்படி ஒண்ணும் இல்லீங்க.
"உங்களுக்கா, அவருக்கா?"
திருமணமாகி இருபத்தாறு வருஷம்.
அவரை நான் கேட்டதே இல்லை.
சபரிமலைக்குப் போனதில்லை,
போகிறவர்களை பஸ் ஏற்றிவிடப் போவார்.
அது எதில் சேரும்?
"காலியா விட்டா அடுத்த பக்கம் போகாதும்மா."
அடுத்த பக்கத்தில்தான் டாக்டர் இருந்தார்.
இதர, என்றேன்.

இதர என்ற சீட்டை ஆலையில்
தரை கூட்டி அள்ளிய மூட்டைக்குத்தான் ஒட்டுவேன்.
தீவனத்துக்குப் போகும்.
மாடு அதை ஆசையாகத் தின்னும், அதையும் சொல்லவேண்டும்.

விடிகாலை குழாயடியில் பாட்டில் நிரப்பி வந்தால்
அவர் நெற்றியில் பட்டையாகத் திருநீறு.
பக்கத்துக் கட்டில்காரம்மா, வாழப்பாடிப் பக்கம்,
"பூசிவுட்டேன், தப்பா நெனைக்காத கண்ணு" என்றாள்.
தப்பாக நினைக்கவில்லை.
கை கூப்பவும் இல்லை.
புருவத்தில் உதிர்ந்தது கண்ணுக்குள் போகாமல்
சேலை நுனியால் ஒதுக்கினேன்,
மீதியை அப்படியே விட்டேன்.
அந்தம்மா டம்ளரில் பாதிக் காப்பி ஊற்றித் தந்தாள்.
சர்க்கரை தூக்கல்.

ஏழு மணிக்கு அவர் கண் விழித்தார்.
நெற்றியைத் தடவி
விரலில் ஒட்டியதைப் பார்த்தார்.
பிறகு என் சேலையைப் பார்த்தார்.
"மாவா?"
"ஆமாம்."