வேறு எனில் குறிப்பிடுக

ஆறு முத்திரையோடு வந்திருக்கிறது அந்தக் கடிதம்.
கொழும்பில் ஒன்று, திருகோணமலையில் இரண்டு,
கச்சேரியில் ஒன்று,
எங்கள் வெல்லாவெளியில் தலைகீழாய் ஒன்று.
ஆறாவது, தேத்தண்ணிக் கோப்பை வைத்த வட்டம்.
அதுதான் தெளிவாய் விழுந்திருக்கிறது.

"அரச சேவையிலுள்ள சமூக ஆய்வாளர்களுக்கு
அரியதொரு வாய்ப்பு."
பத்து வாரம். தங்குமிடம், படிக்காசு,
புள்ளிவிவர மென்பொருளில் பயிற்சி,
தேறும் மூவருக்குக் கடல் கடந்தும் படிப்பு.
முடிவுத் திகதி போன வெள்ளி.

சமூக ஆய்வாளர்.
என் நியமனக் கடிதத்தில் அந்தச் சொல் இல்லை.
அபிவிருத்தி உத்தியோகத்தர் என்று கிடக்கிறது.
ஊருக்குள் நான் "கணக்கெடுக்க வாற புள்ள".
போன மாதம் நுளம்புப் புகை அடிக்கவும்
அதற்கு முந்தி உலர் உணவுப் பட்டியல் எழுதவும்
நானேதான் போனேன்.

கிளாக்கர் லோகிதன் கண்ணாடியைத் துடைத்தபடி,
"போட்டுப் பாருங்க மிஸ்.
பிந்தின கடிதத்துக்குப் பிந்தின பதில்தானே முறை."

படிவத்தின் நாலாம் பக்கம்:
நீங்கள் செய்த ஆய்வொன்றை
முந்நூறு சொற்களில் தருக. முடிவுகள் மாத்திரம்.

பின்னேரம் மண்டூர்த் துறை.
வாவி கடக்கும் மிதவைக்கு எங்கள் பக்கம்
பாதை என்று பேர்.
நாங்கள் நிற்போம், பாதை போகும்.
இரண்டு மோட்டார் சைக்கிள், ஒரு மீன் பெட்டி,
முதுகில் படுவான்கரை வெயில்,
என் காலடியில் சீமெந்துப் பைக்குள்
இருநூற்றுப் பன்னிரண்டு வினாக்கொத்து.

பதினேழாம் கேள்வி: குடும்பத் தலைவர் யார்?
கணவர் ஒன்று. மனைவி இரண்டு. மகன் மூன்று.
அப்படியே இறங்கி
ஏழு: வேறு எனில் குறிப்பிடுக.

யானை வேலிக்கு அங்கால் மரகதவல்லியின் வீடு.
கொச்சிக்காய்க்குக் காம்பு நுள்ளிக்கொண்டே சொன்னாள்:
"யானை வராத இரவில நான்தான் தலைவர், எழுதுகா.
வந்த இரவில மறுகா என்ன,
ஆறு வீடும் ஒரு வீடு.
வெடி வைச்சிருக்கிறவன் தலைவன்.
வெடி நமுத்துப் போச்செண்டா
ஆரு பெலத்துக் கத்துறாவோ, அவ."

ஏழு என்று போட்டேன்.
குறிப்பிட, இரண்டங்குலப் புள்ளிக்கோடு.
ஓரத்தில் ஏறி, தாளின் பின்பக்கம் போய்
நாலாம் வீட்டின் பேரோடு முடிந்தது.

கடன் எதற்கு என்ற கேள்விக்கு ஒருத்தி,
"கதவுக்கு. வாசல் முந்தியே கிடந்த."
இன்னொருத்தி என்னையே கேட்டாள்,
"உனக்கு எவ்வளவு கடன் புள்ள?"
சொன்னேன்.
அந்தப் பதிலுக்குப் படிவமே இல்லை.

கணினியில் ஏற்றும்போது
ஏழுகள் ஒன்றன் கீழ் ஒன்றாய் இறங்கின.
பதினேழில் மட்டும்
நூற்றுக்கு முப்பத்தொன்று வேறு.
பணிப்பாளர் ஐயா திரையைத் தட்டிச் சொன்னார்:
"இது கூடிப்போச்சு. ஐந்துக்குக் கீழ கொண்டுவாங்க."

கொண்டுவந்தேன். நாலு.
மரகதவல்லியை இரண்டுக்குள் போட்டேன், மனைவி.
அவள் புருஷன் இல்லாமல் போய்ப் பதின்மூன்று வருஷம்.
அறிக்கை மேலிடம் போனது.
"பெறப்பட்டது" என்று பதிலும் வந்தது.

மீன் பெட்டியின் மூடியில் படிவத்தை விரித்து
எழுதத் தொடங்கினேன்:
*முப்பத்தொன்று நாலான விதம்.*
ஈரம் ஏறி எழுத்து ஊறுகிறது.
முந்நூறு சொல் இருக்கிறது.
நூறு கூடப் போகவில்லை, எல்லாம் சொல்லியாயிற்று.

கீழே ஒரு பெட்டி வெறுமையாய்:
திணைக்களத் தலைவரின் சிபாரிசும் ஒப்பமும்.
அதே ஐயாதான்.

மீன்காரர் மூடியைத் தாருங்கள் என்கிறார்.
குருமண்வெளிக் கரையில் பாதை இடித்து நிற்கிறது.
முதலில் மோட்டார் சைக்கிள்கள் இறங்கவேண்டும்.