கறுப்பு வயர்

ஹிக்கின்சன் ஹைவேயில்
இறக்கம் முடிந்து மேடு தொடங்கும் இடத்தில்
நின்றது.
இருமவில்லை, உதறவில்லை.
பேச்சின் நடுவே எழுந்து போகிறவரைப் போல
நின்றது.

காலை ஐந்து நாற்பது. ஜனவரி.
அந்நேரத்துக்கே கழுத்தில் வேர்வை.
ஜேக்கப்ஸ் தையல் ஆலைக்குப் போகும் நாங்கள் ஐந்து பேர்,
தொண்ணூற்று மூன்றாம் வருஷத்து மாஸ்டா.
ஆறே காலைத் தாண்டினால்
அரை மணிக் கூலியைப் பிடித்துவிடுவார்கள்.

ஆளுக்கொரு வைத்தியம்.
பெட்ரோல் தீர்ந்தது என்றாள் லோகேஸ்வரி.
முள் பாதியில் நிற்கிறது.
பேட்டரி என்றாள் ரத்னாவதி.
ஸ்டார்ட்டர் சுற்றுகிறதே,
ரேடியோவில் ஒருவன் உற்சாகமாய் வெயிலைப் பற்றிச் சொல்கிறானே.
கண்ணேறு என்று மெல்லச் சொன்னாள் பூபதியம்மா,
எலுமிச்சம்பழம் கட்டாத பம்பரைப் பார்த்து.

நொகுதூலா மட்டும் ஒன்றும் சொல்லாமல் இறங்கி
டாங்கி மூடியைத் திறந்து
காதை வைத்தாள்.
சாவியைத் திருப்பு, ஸ்டார்ட் பண்ணாதே.
திருப்பினேன்.
லாரிகள் போய் முடியட்டும். இன்னொரு தரம்.
திருப்பினேன்.
உள்ளே யாரும் இல்லை, என்றாள்.

இருபத்திரண்டு வருஷம் ஓவர்லாக் மெஷினில் இருப்பவள்.
ஊசி நிற்குமுன் மோட்டார் நினைப்பது
அவளுக்குக் கேட்கும்.
சாவி திருப்பினால் இரண்டு நொடி
டாங்கிக்குள் ஒரு வண்டு முரல வேண்டுமாம்.
ஆறு வருஷமாய் ஓட்டுகிறேன்.
வண்டு இருந்ததே
அது போன பிறகுதான் தெரிகிறது.

செருப்பைக் கழற்றி
டாங்கியின் அடிவயிற்றில் இரண்டு போடு போட்டாள்.
முரன்றது.
ஆறு பதினொன்றுக்கு ஆலை வாசல்.

சனிக்கிழமை புதுப் பம்பு.
ஆயிரத்து நூற்றைம்பது ராண்ட்.
செவ்வாய்க்கிழமை
அதே மேடு, அதே செருப்பு,
அசையவில்லை.

பக்கத்து ஃபிளாட் கோகிலனின் மீட்டரை
அவன் தூங்கும்போது அவன் மனைவி எடுத்துக் கொடுத்தாள்.
ஞாயிறு காலை பின் சீட்டைத் தூக்கினேன்.
அடியில் எங்கள் ஐவரின் வண்டல்:
ஒரு பாபின், கொண்டை ஊசி, ஐம்பது சென்ட்,
காய்ந்த நார்ச்சித் தோல்
(பெயர் எங்கள் நாரத்தை, பழம் வேறு),
நான்காய் மடித்த ஒரு வங்கிக் கடிதம்.
மேலே பெயர் தெரிந்தது.
பிரிக்கவில்லை.

மகன் முன் சீட்டில் சாவியோடு.
ஆன், என்றேன். ஆஃப், என்றேன்.
சிவப்பு முனை பம்பு வயரில், கறுப்பு முனை பாடி இரும்பில்:
பன்னிரண்டுக்கு மேல்.
கறுப்பு முனையைக் கறுப்பு வயருக்கு மாற்றினேன்:
ஐந்து.
மறுபடி, ஆன். மறுபடி ஐந்து.

வரத்தில் குறையில்லை.
வந்தது திரும்பிப் போகத்தான் வழியில்லை.
கறுப்பு வயர் உடம்போடு சேரும் போல்ட்டில்
கடற்காற்று பச்சையும் வெள்ளையுமாய்ப் பூத்திருந்தது.
அன்றைக்குச் செருப்பு எழுப்பியது பம்பை அல்ல,
இதைத்தான்.
எர்த் என்பார்கள் இதை.
மண் என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன்,
மண்ணில் பிடிப்பில்லை.
சிரிப்பு வந்தது.
பூபதியம்மாவிடம் சொன்னால் கோயில் பிரசங்கத்தில் சேர்த்துவிடுவாள்.

பேட்டரியைக் கழற்றி, கதவுகளைத் திறந்து போட்டு,
உப்புத்தாளில் இரும்பு பளிச்சிடும்வரை தேய்த்து,
வயருக்குப் புது வளையம்,
மேலே கொஞ்சம் வாஸ்லின்.
ஏழு ராண்ட்.

பழைய பம்பு சமையலறை டிராயரில்
செய்தித்தாளில் சுற்றிக் கிடக்கிறது.
அது ஒரு குற்றமும் செய்யவில்லை.
எவ்வளவு ஆச்சு என்று திங்கட்கிழமை கேட்டார்கள்.
ஏழு, என்றேன்.
ஆயிரத்து நூற்றைம்பதைச் சொல்ல வாய் வரவில்லை.

கடிதத்தை அதன் பள்ளத்திலேயே வைத்துச்
சீட்டை அழுத்தியிருந்தேன்.
அதன்மேல் உட்கார்ந்து ரத்னாவதி
ஃபிளாஸ்க் மூடியில் எனக்கும் தேநீர் ஊற்றுகிறாள்.

இறக்கம் முடிகிறது.
மூன்றாம் கியர்.
லோகேஸ்வரி பேச்சை நிறுத்துகிறாள்,
ரேடியோவை யாரோ குறைக்கிறார்கள்,
ஐந்து பேரும்
பின்பக்கம் கேட்டபடி
மேடேறுகிறோம்.