உருட்டு

லாரன்ஸ் ரோட்டில் பழைய வண்டிக் கடை.
போர்டில் இரண்டு பெயர்: ராயன், பாடலி.
நான் பாடலி. கணக்கு எழுதுவது, வண்டி துடைப்பது.
பேசுவது ராயன்.

அவனிடம் சாவிக்கொத்து மாதிரி சொற்கள்.
வாத்தியார் வந்தால் ‘ஒளிவு மறைவே கிடையாது சார்.’
துறைமுகத்து ஆள் வந்தால் ‘பச்சையாவே சொல்லிடறேன்ணே.’
காலேஜ் பையன்களுக்கு
‘ஃபில்டரே போடாம சொல்றேன் ப்ரோ, வண்டி தீயா இருக்கு.’
‘மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டா
பின்னாடி மனஸ்தாபம் இல்ல பாருங்க’
என்னும்போது மட்டும்
மூஞ்சியைப் பார்க்க மாட்டான். மீட்டரைப் பார்ப்பான்.
அந்த எண்ணை எத்தனை ஆயிரம் பின்னால் உருட்டினோம் என்று
அவனுக்குத் தெரியும், எனக்குத் தெரியும்,
திருகித் தேய்ந்த ஸ்க்ரூவுக்குத் தெரியும்.

கெடிலம் ஊருக்குள் வந்த வாரம்
அந்த நீல ஸ்கூட்டர் ஹெட்லைட் வரைக்கும் நின்றது.
தண்ணீர் வடிந்து சீட்டைத் தூக்கினால்
பெட்டிக்குள் ஒரு குரவைக் குஞ்சு, உயிரோடு.
ராயன் அதை பக்கெட்டில் விட்டு
இரண்டு நாள் பொரி போட்டான்.
நல்ல மனசுதான், சும்மா சொல்லக்கூடாது.

மாசியில் மெர்சலின் வந்தாள்.
ஜி.எச்.சில் நைட் டூட்டி, முடிகிற நேரத்துக்கு பஸ் இல்லை.
‘உண்மையிலேயே உண்மையச் சொல்றேன் சிஸ்டர்,
ஒரு டாக்டரம்மா ஓட்டினது.
மழைன்னா ஷெட்ட விட்டே எடுக்க மாட்டாங்க.’
நான் சீட்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.
ஏற்கெனவே துடைத்த சீட்டு.

ஒன்பதாம் நாள், உச்சி வெயிலில்,
செம்மண்டலத்திலிருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டே வந்தாள்.
ஸ்டாண்ட் போடும்வரை காத்திருந்துவிட்டு
ராயன் ஆரம்பித்தான், ‘ஓப்பனா சொல்லணும்னா...’

‘உருட்டாதீங்க’ என்றாள். கத்தவில்லை.
‘அங்கேர்ந்து இதுவரைக்கும் நான் உருட்டியாச்சு.’

யாரோ சிரித்தார்கள்.
நான்தான்.

சிரிப்பு நின்ற இடத்திலிருந்து,
முன்னால் எந்தச் சொல்லும் இல்லாமல்,
அது வந்தது:
‘வெள்ளத்துல முழுகின வண்டி.’

ராயன் சாவிக்கொத்தை மேஜையில் வைத்தான்.
மெதுவாகத்தான் வைத்தான்.
பதினொரு வருஷக் கூட்டு அது.

கல்லாவைத் திறந்து எண்ணினேன். நாலாயிரம் குறைந்தது.
என் பையிலிருந்து எடுத்துச் சேர்த்தேன்.
அவளும் ஒருமுறை எண்ணினாள், நர்ஸ் மாதிரி,
உதடு அசையாமல்.

‘அன்னிக்கே ஏன்ணா சொல்லல?’

‘ஓப்பனா சொன்னா சிஸ்டர்...’
நாக்கு கிளம்பிவிட்டது.
பல்லால் பிடித்துக்கொண்டேன்.