இரண்டாம் அணி

வின்னிபெக்கில் விடிய இன்னும் இரண்டு மணி நேரம்.
மூடிப்போன மெத்தைக் கிடங்குக்குள்
ஒரு பள்ளிக்கூடத்தையே நிறுத்தியிருக்கிறார்கள்:
லாக்கர்கள், கோப்பை அலமாரி, கூடைப்பந்து வளையம்.
வெளியே மைனஸ் முப்பது.
பொய் ஜன்னலுக்கு அப்பால்
துணியில் தீட்டிய மே மாதம்.

தரையில் நீல டேப்பில் ஒரு கூட்டல் குறி.
அதுதான் என் இடம்.
"இரண்டாம் அணி!" என்று கூப்பிடுவார்கள்,
லரிசா என்றல்ல.
விளக்குகள் சரியாகும்வரை நான் நிற்க வேண்டும்.
சரியானதும் நகர்ந்துவிட வேண்டும்.
வேலை அவ்வளவுதான்.
கூலியோடு மதியம் சூப்பும் உண்டு.

பாட்டும் ஆட்டமுமாக ஒரு பதின்வயதுத் தொடர்.
இந்த வாரம்
ஹேட்டி என்கிற குண்டுப் பெண்
குளியலறைக் கண்ணாடி முன் நின்று
தன்னைத் தானே ஏற்றுக்கொள்கிறாள்.
மூன்று நிமிடம் பத்து வினாடி.
கடைசிச் சரணத்தில் மொத்தப் பள்ளியும் சேர்ந்துகொள்ளும்.

ஹேட்டியாக நடிக்கிற பிரையனி
கோதுமைத் தாள் மாதிரி இருப்பாள்.
நல்ல பெண்.
என் பிறந்தநாளுக்குக் கையுறை வாங்கித் தந்தவள்.
அவளுக்கு ஒரு வயிறு தைத்தார்கள்,
இரண்டு தொடை, ஒரு ஜோடிப் புஜம்,
எல்லாம் நுரைப்பஞ்சு.

அளவுக்கு என்னைத்தான் கூப்பிட்டாள்
தையல் அறை மார்லீஸ்.
உதட்டில் குண்டூசிகளைக் கவ்வியபடி
"மூச்சை இழுத்துப் பிடிக்காதே, விடு" என்றாள்.
இருபத்து மூன்று வயதில்
என் வயிற்றை வெளியே விடச் சொன்ன
முதல் ஆள்.

அந்த வேடத்துக்கு நானும் பாடிக் காட்டியிருந்தேன்.
குரல் அருமை, ஆனால் திரையில் கொஞ்சம், என்று
நிறுத்திக்கொண்டார்கள்.
கொஞ்சம் என்றால்
நிறைய என்று அர்த்தம்.

இன்று கண்ணாடிக் காட்சி.
நேரம் பார்க்கப் பாட்டை ஓடவிட்டார்கள்.
பிரையனியின் குரல் கூரையிலிருந்து இறங்கியது,
நான் வாயை மூடி நின்றேன்.
கண்ணாடியில் ஒரு பூசினாற்போன்ற பெண்,
கழுத்தில் கம்பளி நூல் ஒட்டியிருந்தது,
எடுக்கலாமா என்று யோசித்தேன்,
அசையக் கூடாது.
ரோடெல் ஒளிமானியைக் கன்னத்தருகே நீட்டி
"ஐந்து புள்ளி ஆறு" என்று கத்தினான்.
என் உடம்பைப் பற்றி யார் சொன்ன எண்ணும்
இத்தனை நன்றாக இருந்ததில்லை.

ஐந்து புள்ளி ஆறு.
அவ்வளவு வெளிச்சம் என்மேல் விழுந்து
அவ்வளவும் திரும்பிப் போயிருக்கிறது.

"முதல் அணி!"
நகர்ந்தேன்.

அவள் பாடினாள். சரியான இடத்தில் அழுதாள்.
மைக் கோல் பிடித்தவன் அழுதான்.
பொய் சொல்வானேன், நானும் அழுதேன்.
அழுது முடித்தபின்தான் கோபம் வந்தது,
அதுவும் யார்மேல் என்று தெரியாமல்.

இடைவேளையில் வேர்த்து வழிந்து
முதுகைக் காட்டி நின்றாள்:
"அடக் கடவுளே, இதற்குள் எப்படித்தான் இருக்கிறாய்?"
கேட்டு முடிப்பதற்குள் அவள் முகம் சிவந்துவிட்டது.
எனக்கு ஜிப் இல்லையே, என்றேன்.
இருவரும் சிரித்தோம்,
அவள் எனக்கு முன்பே நிறுத்தினாள்.
பிறகு நானே அவளுடைய ஜிப்பை இறக்கிவிட்டேன்.

இரவு, குப்பைத் தொட்டியின் மேல்
வயிறு கிடந்தது.
நாளை வேறு கதை, வேறு ஒருத்தியின் கவலை.
யாரும் பார்க்கவில்லை.
பார்த்திருந்தாலும் எடுத்திருப்பேன்.

பேருந்து நிறுத்தத்தில் பெஞ்சு முழுக்கப் பனிக்கட்டி.
அதை மடித்துப் போட்டு உட்கார்ந்தேன்.
என் அளவுக்கே வெட்டியது,
கச்சிதமாகத் தாங்கியது.
பக்கத்தில் நின்ற கிழவருக்கு
ஒரு தொடை அளவு இடம் விட்டேன்.
"சூடாக இருக்கிறதே, எங்கே வாங்கினாய்?" என்றார்.

பதில் யோசிப்பதற்குள்
பதினொன்றாம் எண் வந்துவிட்டது.