தூரம்: பூச்சியம்

ரெசல்யூட்டிலிருந்து கிரைஸ் ஃபியோர்டுக்கு
முந்நூற்று எண்பது கிலோமீற்றர், கொஞ்சம் கூடக் குறைய.
சின்ன விமானம், ஒன்றரை மணி நேரம்.
கவுண்டர்க் கண்ணாடியில் நான்தான் ஒட்டிவைத்தேன்.
கேட்பவர்களுக்கு விரலால் காட்டிவிட்டுத்
தேத்தண்ணி குடிப்பேன்.

செவ்வாய்க்கிழமை ஜேபெட்டி வந்தார்.
தெற்கே போய்ப் பல் பிடுங்கி, கன்னம் வீங்கி,
கையில் ஒரு கேக் பெட்டி.
வெள்ளிக்கிழமை மகளுக்கு ஆறு வயது.
தராசில் வைத்தேன்: இரண்டு கிலோ நானூறு.
மூடிக்கு அடியில் நீல ஐசிங்கில் அவள் பெயர்,
பிட்சியுலாக்.
சிவந்த கால்களுடைய கடற்பறவையாம்.
எழுத்து எனக்குத் தெரியாது, இலக்கணம் தெரிந்தது:
அவர்களுக்கும் உயிர்மெய்தான்.
நாங்கள் மெய்க்குப் புள்ளி வைப்போம்.
அவர்கள் மெய்யைப் பொடியாக்கி
மேலே தூக்கிக் கட்டுவார்கள்.
அந்தக் கடைசி 'க்' அப்படித்தான் தொங்கியது,
கொடியில் காயும் குழந்தைச் சட்டை மாதிரி.

ஒன்றரை மணி நேரம், அச்சொட்டாகப் போய்ச் சேர்ந்தார்கள்.
மலைக்கும் கடலுக்கும் நடுவே
அந்தச் சரளை ஓடுபாதையில்
காற்று குறுக்கே படுத்திருந்தது.
மூன்று தரம் சுற்றினார்களாம்.
அவர் தன் வீட்டைப் பார்த்தாராம்:
வாசலில் பனிவண்டி, அடுப்படியில் விளக்கு,
யாரோ திரைச்சீலையை விலக்கியதுகூட.
எங்கள் ஊர்க் கணக்கில் அது கூப்பிடு தூரம்.
கூப்பிடவில்லை. திரும்பி வந்தார்கள்.

படிவம் நிரப்பினேன்.
புறப்பட்ட இடம் ரெசல்யூட்.
சேர்ந்த இடம் ரெசல்யூட்.
பறந்த நேரம் மூன்று மணி இருபது நிமிடம்.
தூரம்?
பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தேன்.
கணினியே கணக்குப் போட்டுச் சொன்னது:
பூச்சியம்.

புதன், மூட்டம்.
வியாழன், அதே வட்டம், அதே விளக்கு, அதே பூச்சியம்.
கேக்கை அவர் உள்ளே கொண்டுவருவதில்லை.
வெளியே பனிக்குள் புதைத்து
மேலே பழைய கையுறை ஒன்றை அடையாளம் வைப்பார்.
ஒவ்வொரு புறப்பாட்டுக்கும் மறுபடி நிறுக்க வேண்டும், விதி.
வியாழன் காலை இரண்டு கிலோ இருநூறு.
நான் எதுவும் கேட்கவில்லை.
மீசையில் நீலம் இருந்தது.

வெள்ளி.
கட்டடமே இருமியது, அப்படிக் காற்று.
தொலைபேசியைக் கவுண்டரில் கிடத்தி
ஒலிபெருக்கியைத் திறந்தார்.
அங்கேயே வெட்டுங்கள் என்றாள் அவள்.
முதல் எழுத்து விமானிக்கு, ஒழுங்காக ஓட்டட்டும்.
பொடி எழுத்து எரிபொருள் ஊற்றும் வெய்னுக்கு.
கவுண்டர்க்காரிக்கு 'லா',
ஆனால் நேரத்தைப் பொய்யாக ஒட்டிவைத்ததால் பாதிதான்.
மிச்சம் அப்பாவுக்கு, பல் வலிக்காத பக்கமாக.
கடைசி எழுத்தைத் தொடக் கூடாது.
யாரும் தொடவில்லை.

சனி, காற்று ஓய்ந்தது.
விமானிக்குக் கட்டாய ஓய்வு.

ஞாயிறு தராசில் நூற்றெழுபது கிராம்,
பெட்டியோடு சேர்த்து.
ஒரு மணி நாற்பத்தொரு நிமிடத்தில்
வானொலி கரகரத்தது: இறங்கியாச்சு.
பிறகு ஒன்றுமில்லை. நான் தரையைக் கூட்டினேன்.

இன்று தெற்கிலிருந்து வந்த மின்பணியாளர் ஒருவர்
கையுறையைக் கழற்றாமலே கேட்டார்,
கிரைஸ் ஃபியோர்ட் எவ்வளவு தூரம்?
விரல் பாதிவழி போய் நின்றது.
கிட்டத்தட்ட, என்றேன்,
இரண்டேகால் கிலோ.