பன்னிரண்டாம் மனுதாரர்

திங்கட்கிழமை. கலெக்டர் ஆபீஸ் எதிரே
மரத்தடியில் மனு எழுதித் தருவது என் பிழைப்பு.
பட்டா, முதியோர் பணம், பாதைத் தகராறு,
எதுவானாலும் பக்கத்துக்கு முப்பது ரூபாய்.

செக்கானூரணிப் பக்கமிருந்து
பதினோரு பெண்கள் வந்தார்கள்.
முன்னால் நின்றவள் அங்காள ஈஸ்வரி,
தோளில் நாற்பது நாள் பிள்ளை.

"எழுதுங்கண்ணே.
எங்க கண்மாய்க்கரையில போர்டு நட்டிருக்கு,
'வெளிநாட்டு வங்கிக் கடனுதவியுடன்'னு.
குழாய் வந்துச்சு, தண்ணி வரல.
கடன் மட்டும் வந்துருச்சு."

கடன், உதவி.
இரண்டையும் ஒட்டிவைத்த புணர்ச்சி விதியை
எந்தத் தமிழய்யாவும் எனக்குச் சொன்னதில்லை.
எழுதினேன்.

"எங்கப்பா செத்த பதினாறாம் நாள்
பைனான்ஸ்காரன் வந்து ரெண்டு லட்சம்னான்.
தாளைக் காட்டுன்னேன்.
காட்டினான். கைநாட்டெல்லாம் இருந்துச்சு.
தேதி மட்டும்
அப்பாவை அடக்கம் பண்ணதுக்கு மறுநாள்."

ஆகவே ஐயா அவர்கள்
எங்கள் பேரில் வாங்கிய கடனின் பத்திரத்தை
எங்கள் கண்ணில் காட்டும்படிக்கும்,
வட்டி என்ன, சாட்சி யார்,
எந்த ஊர்க்கூட்டத்தில் எங்களைக் கேட்டீர்கள் என்பதைத்
தெரிவிக்கும்படிக்கும்

"நில்லு" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.
கோழிக்கடை தவமணி.
"கருப்புக்கு நேர்ந்துக்கிட்டவ நானு.
வாய்விட்டுக் கேட்டேன், குடுத்துச்சு, கெடா வெட்டினேன்.
இதை எவன் நேர்ந்துக்கிட்டான்?
அதையும் எழுது."

அதை எப்படிச் சேர்ப்பதென்று தெரியவில்லை.
'மேலும்' என்று போட்டு
அவள் சொன்னபடியே எழுதிவிட்டேன்.

பத்துக் கையெழுத்து, ஒரு கைநாட்டு.
கடைசி வரியில்
மனுதாரர் பன்னிரண்டு: வயது நாற்பது நாள்,
பெயர் இன்னும் வைக்கவில்லை.
மைப்பெட்டியைப் பிள்ளைப் பக்கம் நகர்த்தினேன்.

ஈஸ்வரி அதன் விரல்களை மடக்கி
முந்தானைக்குள் பொத்திக்கொண்டாள்.
"இவன் எதுலயும் வைக்கலங்குறதுக்குத்தானண்ணே
மனுவே."

உள்ளே போய் ஒரு மணி நேரத்தில் திரும்பினார்கள்.
'தொடர்புடைய துறைக்கு அனுப்பப்படும்' என்று சீட்டு.
எந்தத் துறை என்று கேட்டாளாம்.
கிளார்க் மின்விசிறியைப் பார்த்தாராம்.
"அடுத்த திங்கள் வர்றோம். பக்கத்து ஊரும் வருது.
நாற்பது நகல் வேணும்."

மூன்று பக்கம், தொண்ணூறு ரூபாய்.
வெயிலில் வாடிய முகங்களைப் பார்த்து
"இருக்கட்டும், அடுத்த வாரம் சேர்த்துக் குடுங்க" என்றேன்.

பதினோரு பேரும் ஒரே நேரத்தில்
என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

சில்லறையாகவே எண்ணி வைத்தார்கள்.
ரசீது கேட்டார்கள்.