விழுங்கிய பின் பேச வேண்டும்

காலை ஏழே முக்கால்.
பாடாங் செராய் சுகாதார நிலையத்தின் பின்வாசல்,
மூன்றாவது கவுண்டர்.
மிஸி ரொஸ்னா சிறு கோப்பையை நீட்டுவார்,
ஆரஞ்சு சர்பத்தில் கலந்த மெதடோன்.
குடித்ததும் வாயைத் திறந்து காட்ட வேண்டும்.
பிறகு ஏதாவது பேச வேண்டும்.
நாக்கடியில் ஒளித்துப் போய் விற்பவர்கள் உண்டு.
பேசினால் தெரிந்துவிடும்.

முதல் வாரம் என் பேரைச் சொன்னேன்.
அடுத்த வாரம் மழை என்றேன்.
ஒருநாள் சொல்ல ஒன்றும் கிடைக்காமல்
வந்த பஸ்ஸின் நம்பரைச் சொன்னேன்.
சிரிக்காமல் தலையாட்டிக் கையெழுத்துப் போட்டார்.

ரப்பர் நாற்றங்காலை மூடிக் கட்டிய கல்லூரி எங்களுடையது.
வாசலில் இன்று புதுப் பதாகை:
மண்டையோடு, ஊசி, சிவப்பு எழுத்தில்
'போதை உன்னைக் கொல்லும்'.
வரைந்தவள் ஷர்மித்ரா, என் வகுப்புதான்.
நன்றாகவே வரைந்திருக்கிறாள்.
ஊசியை மட்டும் நான் கண்டதே இல்லை.

எனக்கு அது வெள்ளைக் காகித உறையில் வந்தது.
செம்பனை லாரிக்கு ஒதுங்கிய மண்சாலையில்
மோட்டார் சறுக்கி முழங்கால் உடைந்தபோது,
நாளைக்கு மூன்று, சாப்பாட்டுக்குப் பின்,
வலித்தால் மட்டும்.
வலி ஆறு வாரத்தில் போய்விட்டது.
'வலித்தால் மட்டும்' போகவில்லை.
எதெல்லாம் வலி என்று உறையில் எழுதியிருக்கவில்லை.
தேர்வு வலித்தது.
கையுறை ஆலையில் இரட்டை ஷிப்ட் முடித்த அப்பா
செருப்பைக் கழற்றாமல் உறங்குவது வலித்தது.
ஒன்றுமே வலிக்காத ஞாயிற்றுக்கிழமை
எல்லாவற்றையும்விட.

மாத்திரை தீர்ந்தபோது
விடுதிக்குப் பின்னால், கால்வாயோரம், இருமல் மருந்து.
அதுவும் தீர்ந்தால் ஐஸ் போட்ட கெத்தும் தண்ணி,
சிவப்புக் கயிறு கட்டிய பிளாஸ்டிக் பையில்,
தேத்தண்ணி பொட்டலம் மாதிரியே.
வாங்கி வருவது தர்வின்ராஜ்.
என்னிடம் எப்போதும் இரண்டு வெள்ளி குறைத்தே வாங்குவான்.
எனக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தவன்.
பதாகையில் இதற்கு இடம் இல்லை.

மார்ச்சில் ஒரு விடியல்.
அவன் குறட்டை வேறு மாதிரி இருந்தது.
நீண்டு, நின்று,
தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல.
தூங்கட்டும் என்று விளக்கை அணைத்தேன்.
விளக்கை
நான்தான் அணைத்தேன்.

நெஞ்சுவலி என்று சொன்னார்கள் சாவு வீட்டில்.
நாங்களும் தலையாட்டினோம்.
அவன் அம்மா விடுதிக்கு வந்து
சட்டைகளை மட்டும் மடித்து எடுத்துப் போனார்.

பத்து மணிக்கு மண்டபம்.
"நீ திருந்தியதைச் சொல், போதும்" என்றார் விரிவுரையாளர்.
"மெதடோனை எடுக்காதே,
அதுவும் போதைதானே என்பார்கள்."
மைக் உயரம் சரியில்லை.
மூன்றாம் வரிசையில் ஒருவன்,
இந்த வெக்கையிலும் முழுக்கைச் சட்டை,
மூக்கை உறிஞ்சி உறிஞ்சி, கண்ணில் நீர்.
அந்தக் கொட்டாவியை எனக்குத் தெரியும்.

எழுதி வந்த தாளை மடித்துப் பையில் வைத்தேன்.
குறட்டை மாறினால் எழுப்புங்கள் என்றேன்.
எழவில்லையென்றால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள்,
உதட்டைப் பாருங்கள்,
999 அடியுங்கள், திட்டு பிறகு வாங்கிக்கொள்ளலாம்.
விளக்கை அணைக்காதீர்கள் என்றபோது
குரல் போய்விட்டது.
கொஞ்சம் தண்ணீர் குடித்தேன்.
இன்று காலையும் குடித்துவிட்டுத்தான் வந்தேன் என்றேன்,
மூன்றாவது கவுண்டரில்.
யாரும் கைதட்டவில்லை.
மின்விசிறி மட்டும் கடகடவென்று.

பிறகு கைகழுவும் இடத்தில்
முழுக்கைச் சட்டை பக்கத்தில் வந்து நின்றது.
குழாயைத் திறந்துவிட்டு, என்னைப் பார்க்காமல்,
"அந்தப் பக்கம் பஸ் எத்தனை மணிக்கு?"

ஏழு பத்துக்கு, என்றேன்.
நம்பரையும் சொன்னேன்.

வருவானா, தெரியாது.
குழாயை மூடாமலே போய்விட்டான்.